டார்கெட் ஏறும்போது ஆட்களின் மனசு ஏன் இறங்குகிறது?

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சின்ன யூனிட்டுகளில் ஏப்ரல் பிறந்தால் ஒரு பேச்சு தவறாமல் நடக்கும். பெரிய கம்பெனியிடமிருந்து புது வருஷத்துக்கான ஷெட்யூல் வந்திருக்கும். போன வருஷத்தைவிட அதிகப் பாகங்கள் கேட்டிருப்பார்கள், விலையில் கொஞ்சம் குறைக்கவும் சொல்லியிருப்பார்கள். முதலாளி கணக்குப் போட்டுப் பார்ப்பார். இன்னொரு மெஷின் வாங்கினால் தவணை கட்ட முடியாது. புது ஆள் எடுத்தால் பழக்குவதற்கே மாதக்கணக்கில் ஆகும். கடைசியில், இருக்கிற ஆளை வைத்து இருக்கிற மெஷினில் கூடுதலாக எடுப்பது என்று முடிவாகும். மறுநாள் காலை ஷிப்ட் தொடங்கும்போது சூப்பர்வைசர் வந்து நின்று, "இனிமே 200 கிடையாது, 230" என்பார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் காரியம் கெடுகிறது. முதல் வாரம் எண்ணிக்கை கொஞ்சம் ஏறும். இரண்டாவது வாரம் ரிஜெக்ஷன், அதாவது தரம் சரியில்லை என்று ஒதுக்கப்படும் பீஸ்கள், ஏறும். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை லீவு அதிகமாகும். சம்பளம் கைக்கு வந்த மறுநாள், நன்றாக வேலை தெரிந்த ஓர் ஆபரேட்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார். விசாரித்தால் வேறு கம்பெனி வேனில் போகிறார் என்பார்கள்.

இது இந்த வட்டாரத்துக்கு முன்பைவிட இப்போது அதிகம் பொருந்தும். கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004-ல். அதற்கு முந்தைய தலைமுறைக்கு ஓசூரில் ஒரு வேலை கிடைப்பதே பெரிய விஷயம். டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று சில பெயர்களைத்தான் ஊரில் சொல்வார்கள். இன்று பர்கூரில் ஷூ தொழிற்சாலை, போச்சம்பள்ளி அருகே ஓலா, ஓசூர்ப் பக்கம் ஏதரும் டாடா எலெக்ட்ரானிக்ஸும் என்று ஆளுக்குப் போட்டி நடக்கிறது. போதாததற்குப் பெங்களூரு பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு மூலையில் மனம் கசந்தவர் இன்னொரு மூலையில் வேலைக்குச் சேர ஒரு வாரம் போதும். ஆகவே டார்கெட்டை எப்படி ஏற்றுவது என்பது இங்கே நல்ல மனசு சம்பந்தப்பட்ட கேள்வி மட்டுமில்லை, கம்பெனி ஓடுமா என்கிற கேள்வியும்தான்.

பெரிய இலக்கு தப்பில்லை

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இலக்கை உயர்த்தினாலே ஆட்கள் சோர்ந்துபோவார்கள் என்பது உண்மையில்லை. அமெரிக்க உளவியலாளர் எட்வின் லாக் 1968-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து தொடங்கி, பின்னர் கேரி லேதமும் அவரும் பல பத்தாண்டுகள் சேர்ந்து செய்த ஆராய்ச்சி இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. "உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட, தெளிவான, கொஞ்சம் கடினமான எண்ணைக் கொடுத்தால் மனிதர்கள் அதிகம் செய்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: அந்த எண்ணை அவர்கள் தங்கள் எண்ணாக ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் லேதமும் பால்டெஸும் 1975-ல் வெளியிட்ட ஆய்வு. ஓக்லஹோமாவில் மரக்கட்டை ஏற்றும் லாரிகள், சட்டப்படி ஏற்றக்கூடிய எடையில் சுமார் 60 சதவீதத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. டிரைவர்களுக்கு 94 சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள். காசு எதுவும் கூடக் கொடுக்கவில்லை. ஆனால் இரண்டு உறுதிகள் கொடுத்தார்கள். இதைக் காரணமாக வைத்து டிரிப் எண்ணிக்கையைக் கூட்ட மாட்டோம். ஒரு முறை நன்றாக ஏற்றிவிட்டுப் பிறகு குறைந்தால் அதற்காக யாரையும் தண்டிக்க மாட்டோம். முதல் மாதம் 80 சதவீதத்துக்கு ஏறியது. இரண்டாம் மாதம் 70-க்கு இறங்கியது. ஏன் இறங்கியது என்று பிறகு விசாரித்தபோது, டிரைவர்கள் நிர்வாகத்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரியவந்தது. தண்டிக்க மாட்டோம் என்று சொன்னார்களே, நிஜம்தானா? நிர்வாகம் வாக்கைக் காப்பாற்றியது, ஒருவரையும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் 90 சதவீதத்தைத் தாண்டியது.

அந்த இரண்டாம் மாதத்தில் ஒரு சூப்பர்வைசர் கோபப்பட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும். நம் ஊரில் பெரும்பாலான இலக்குகள் தோற்பது அந்த இரண்டாம் மாதத்தில்தான் என்று நினைக்கிறேன்.

நன்றாகச் செய்தவருக்குக் கிடைக்கும் தண்டனை

டார்கெட் ஏறுவதைக் கண்டு ஆட்கள் பயப்படுவதற்கு அடிப்படைக் காரணம் ஒன்று உண்டு. அது சோம்பேறித்தனம் இல்லை, அனுபவம். ஒரு மாதம் உயிரைக் கொடுத்து 220 போட்டால், அடுத்த மாதம் 220-தான் அடிப்படை என்றாகிவிடும். அதற்குமேல்தான் இன்சென்டிவ். அதாவது கூடுதலாகச் செய்ததற்குப் பரிசு, கூடுதலாகச் செய்தே தீர வேண்டும் என்கிற கட்டாயம். இதை இரண்டு முறை பார்த்த எந்த ஆபரேட்டரும் மூன்றாவது முறை 220 போட மாட்டார். 203 போடுவார், 205 போடுவார். மிச்சத் திறமையைத் தன்னிடமே வைத்துக்கொள்வார்.

இந்தக் குணம் எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமானது இல்லை. சமூகவியலாளர் டொனால்ட் ராய், 1944-45-ல் ஒரு அமெரிக்க மெஷின் ஷாப்பில் டிரில்லிங் ஆபரேட்டராகவே வேலை பார்த்து, அங்கே நடந்ததைக் குறித்துவைத்து 1952-ல் எழுதினார். பீஸ் ரேட்டில், அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு என்கிற கூலியில், மணிக்கு 1.25 டாலருக்கு மேல் யாரும் சம்பாதிப்பதில்லை. முடியாததால் இல்லை. அதைத் தாண்டினால் அலுவலகம் ரேட்டைக் குறைத்துவிடும் என்கிற பயம். அன்றைய கணக்கை முடித்துவிட்டு மீதி நேரத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டிருப்பார்கள். புதிதாக வருபவர் வேகமாகப் போட்டால் பழைய ஆட்கள் கூப்பிட்டு எச்சரிப்பார்கள். சோவியத் தொழிற்சாலைகளிலும் இதே கதைதான்: இந்த ஆண்டுத் திட்டத்தை அதிகமாகத் தாண்டினால் அடுத்த ஆண்டுத் திட்டம் அதற்குமேல் வைக்கப்படும் என்பதால் மேலாளர்களே உற்பத்தியை அடக்கி வாசித்தார்கள். மார்ட்டின் வைட்ஸ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1980-ல் இதைக் கணித வடிவில் விளக்கினார். பின்னால் திரும்பாத பல்சக்கரத்தின் பெயரால், 'ராட்செட்' விளைவு என்று அதைக் குறிப்பிடுவார்கள்.

டார்கெட் ஏற்ற விரும்பும் ஒருவர் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: போன முறை அதிகமாகச் செய்தவரை நாம் என்ன செய்தோம்? அவருடைய எண்ணை எடுத்து எல்லார் தலையிலும் வைத்தோமா? அப்படியானால் ஷாப் ஃப்ளோரில் அந்த மனிதர்மேல் மற்றவர்களுக்கு இருக்கும் கோபத்துக்கு நாம்தான் காரணம்.

வேலை ஆய்வில் இதற்கென்று ஒரு பழைய விதி இருக்கிறது. ஒரு வேலைக்கு நேரம் நிர்ணயித்த பிறகு, மெஷினோ முறையோ மூலப்பொருளோ மாறினால் ஒழிய அந்த நேரத்தைத் தொடக் கூடாது. ஆள் வேகமாகச் செய்கிறார் என்பது மாற்றுவதற்குக் காரணம் ஆகாது. இந்த ஒரு விதியை எழுத்தில் போட்டு போர்டில் ஒட்டி, ஒரு வருஷம் மீறாமல் நடந்து காட்டினாலே பாதி மனக்கசப்பு போய்விடும். "இந்த எண் அடுத்த மார்ச் வரை மாறாது. புது பிக்ஸ்சர் வந்தால் மட்டும் உட்கார்ந்து பேசுவோம்" என்று தமிழில் இரண்டு வரி எழுதினால் போதும். (பிக்ஸ்சர் என்பது பீஸை மெஷினில் பிடித்து நிறுத்தும் கருவி.) அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். அவசர ஆர்டர் வரும் மாதத்தில் கை துறுதுறுக்கும்.

200 எப்படி 230 ஆகும்

கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் கடைசல் மெஷினான ஒரு சிஎன்சி லேத்தை எடுத்துக்கொள்வோம். ஷிப்ட் எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிஷம். சாப்பாட்டுக்கு 30, இரண்டு டீக்கு 20 போனால் 430. செட்டிங், முதல் பீஸ் எடுத்துப்போய் குவாலிட்டியில் ஓகே வாங்குவது, இதற்கு 20. இன்சர்ட் எனும் வெட்டும் முனையை மாற்றுவது, கேஜ் வைத்து அளவு பார்ப்பது, இதற்கு 10. மிச்சம் 400 நிமிஷம். மெஷினிங் 100 விநாடி, பீஸைக் கழற்றி மாட்ட 20 விநாடி என்றால் ஒரு பீஸுக்கு இரண்டு நிமிஷம். 400-ஐ இரண்டால் வகுத்தால் 200. ஆக, 200 என்பது சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளின் எண் இல்லை. ஒன்றும் தப்பாகப் போகாத நாளின் எண்.

இப்போது எதையும் மாற்றாமல் 230 கேட்டால் 460 நிமிஷம் மெஷின் ஓட வேண்டும். அந்த 60 நிமிஷம் எங்கிருந்து வரும்? டீயை விட வேண்டும், சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு வர வேண்டும், கேஜ் பார்ப்பதைத் தாண்ட வேண்டும், தேய்ந்த இன்சர்ட்டையே வைத்து ஓட்ட வேண்டும், சொல்லாமல் ஃபீடை, அதாவது வெட்டு நகரும் வேகத்தை, கூட்ட வேண்டும். ஆட்கள் இதையெல்லாம் செய்வார்கள். அப்புறம் மாதக் கடைசியில் கஸ்டமர் லைனிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வரும். அப்போது கூட்டம் போட்டு "கவனம் இல்லை" என்று திட்டுவார்கள்.

அதே 230-ஐ வேறு விதமாகவும் அடையலாம். கழற்றி மாட்டும் பிக்ஸ்சரை மாற்றி 20 விநாடியைப் பத்தாக்கலாம். இன்னும் நல்ல இன்சர்ட் போட்டு, புரோகிராமைத் திருத்தி, மெஷினிங்கை 95 விநாடிக்குக் கொண்டு வரலாம். ஒரு பீஸ் 105 விநாடி ஆகிவிடும். முதல் பீஸ் ஓகே ஆவதற்குக் குவாலிட்டி அறை வாசலில் நிற்கும் நேரத்தில் ஐந்து நிமிஷம் மிச்சப்படுத்தினால் 405 நிமிஷம். கணக்குப் போட்டால் 231 வரும். யாருடைய டீயையும் பிடுங்க வேண்டாம்.

கவனித்தால், இந்த மாற்றங்களில் ஒன்றுகூட ஆபரேட்டர் தனியாகச் செய்யக்கூடியது இல்லை. பிக்ஸ்சருக்கு முதலாளி காசு போட வேண்டும், புரோகிராமுக்கு இன்ஜினியர் உட்கார வேண்டும், குவாலிட்டிக்காரர் ஒழுங்காக வர வேண்டும். ஆனால் எங்கே விநாடி வீணாகிறது என்பது எல்லாரையும்விட ஆபரேட்டருக்குத்தான் தெரியும். பல இடங்களில் அவர் அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருப்பார், வெளியே சொல்லாமல். சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். முன்பகுதியில் சொன்ன பயமும் இந்தக் கணக்கும் சந்திக்கும் இடம் இது. எண் நிலையாக இருக்கும் என்கிற நம்பிக்கை இல்லாத இடத்தில் அந்த அறிவு வெளியே வராது. அது வராமல் 230-ம் வராது.

இன்னொரு தப்பும் அடிக்கடி நடக்கிறது. என்றைக்கோ ஒரு நாள் 236 வந்திருக்கும். மூலப்பொருளாக வரும் காஸ்டிங் (வார்ப்பு) நன்றாக இருந்திருக்கும், கரண்ட் போகாமல் இருந்திருக்கும், முந்தின ஷிப்டே செட்டிங்கை முடித்துக் கொடுத்திருப்பார்கள். "அன்னைக்கு முடிஞ்சுதே, இன்னைக்கு ஏன் முடியலை?" என்று கேட்பார்கள். எந்த வேலையிலும் தினசரி எண் தானாகவே ஏறி இறங்கும். மிக நல்ல நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இதைப் புள்ளியியல் வழியாகத் தொழிற்சாலைக்குள் கொண்டு வந்து விளக்கியவர்களில் முக்கியமானவர் எட்வர்ட்ஸ் டெமிங். ஏற்ற இறக்கத்தில் பெரும் பகுதி அமைப்பிலிருந்து வருகிறது, அமைப்பை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்திடம் இருக்கிறது, ஆகவே தொழிலாளிக்கு எண்ணை மட்டும் வைத்து விரட்டுவது வீண் என்பது அவர் நிலைப்பாடு. ஷாப் ஃப்ளோர் கோட்டாக்களை ஒழிக்கச் சொல்லும் அளவுக்குப் போனார். அவர் பெயரில் ஜப்பானில் 1951 முதல் வழங்கப்படும் டெமிங் பரிசை, ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டார் 2002-ல் வாங்கியது. அந்தச் சிந்தனை நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். கோட்டாவே வேண்டாம் என்ற டெமிங்கின் முடிவோடு நான் முழுதாக ஒத்துப்போகவில்லை. தெளிவான எண் ஆட்களுக்கும் உதவுகிறது. ஆனால் எண்ணை மூன்று மாதச் சராசரியிலிருந்து எடுக்க வேண்டும், ஒரு நாள் அதிர்ஷ்டத்திலிருந்து எடுக்கக் கூடாது என்பதில் சந்தேகமே இல்லை.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். மே முதல் ஜூலை வரை சீசன். பழம் பழுத்தால்தான் வெட்ட முடியும். பெங்களூரா காய் வந்து இறங்கியதும் அதைப் பழுக்க வைக்க நாள் வேண்டும். பழுத்த பழம் போதாத நாளில் ஷிப்டுக்கு இத்தனை டன் என்று வெட்டும் பெண்களை நெருக்கினால், காயும் கலந்து உள்ளே போகும். அங்கே டார்கெட் வைக்க வேண்டியது பழுக்க வைக்கும் கிடங்குக்கு.

காரணம் சொல்வது, கருத்துக் கேட்பது

1948-ல் லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பர்கூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் பெண்களை அறிந்த யாருக்கும் நெருக்கமாக இருக்கும். இடம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊர். இரவு உடைகள் தைக்கும் ஆலை. வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டார மலைக் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். அதற்கு முன்பு ஆலையையே பார்க்காதவர்கள். பீஸ் ரேட். வேலைமுறையை மாற்றும்போதெல்லாம் உற்பத்தி விழுந்தது, ஆட்கள் நின்றார்கள்.

ஆய்வாளர்கள் ஆட்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கம்போல அறிவிப்பு மட்டும்: முறை மாறுகிறது, புது ரேட் இது. இன்னொரு குழுவிலிருந்து பிரதிநிதிகள் வந்து மாற்றத்தைத் திட்டமிட்டார்கள். மேலும் இரண்டு குழுக்களில் எல்லாருமே உட்கார்ந்து பேசினார்கள். அறிவிப்பு மட்டும் பெற்ற குழுவின் உற்பத்தி எழவே இல்லை. சூப்பர்வைசரோடு சண்டை, புகார்கள், முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். எல்லாரும் பேசிய குழுக்களில் ஒருவரும் போகவில்லை. விழுந்த உற்பத்தி சீக்கிரமே எழுந்து பழைய அளவைவிடச் சுமார் 14 சதவீதம் மேலே போனது. இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். எழவே எழாத அந்த முதல் குழுவில் மிஞ்சியிருந்தவர்களை இரண்டரை மாதம் கழித்து வேறு வேலைக்கு மாற்றியபோது, இந்த முறை அவர்களையும் உட்கார வைத்துப் பேசினார்கள். அதே பெண்கள், முன்பு எட்டாத அளவை எட்டினார்கள்.

சரி, எல்லாவற்றையும் கூட்டம் போட்டு வாக்கெடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டுமா? வேண்டியதில்லை. இதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே ஒரு தகராறு இருந்தது. மேலிருந்து கொடுத்த இலக்கும் சேர்ந்து எடுத்த இலக்கும் ஒரே பலனைத்தான் தருகின்றன என்றார் லேதம். இல்லை, சேர்ந்து எடுத்தால்தான் நடக்கிறது என்றார் இஸ்ரேலைச் சேர்ந்த மிரியம் எரெஸ். லாக் நடுவில் நிற்க, இருவரும் சேர்ந்தே சோதனைகளைத் திட்டமிட்டு 1988-ல் முடிவை வெளியிட்டார்கள். வித்தியாசம் பேசிய விதத்தில் இருந்தது. லேதமின் சோதனைகளில் இலக்கைக் கொடுத்தவர் ஏன் இந்த எண், இது உங்களால் முடியும் என்று சொல்லிக் கொடுத்தார். எரெஸின் சோதனைகளில் எண்ணை மட்டும் நீட்டினார்கள். காரணத்தோடு கொடுத்த இலக்கு, சேர்ந்து எடுத்த இலக்குக்கு ஏறக்குறைய சமமாகவே வேலை செய்தது. வெறும் எண் வேலை செய்யவில்லை.

ஆக, காரணத்தைச் சொல்ல வேண்டும், அதையும் நிஜமாகச் சொல்ல வேண்டும். "மார்க்கெட் போட்டி" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "இந்தப் பாகத்துக்கு விலை குறைத்துவிட்டார்கள், 220-க்குக் கீழே போட்டால் நமக்கு நஷ்டம்" என்றால் புரியும். ஓசூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா பேசுபவர்கள் நிற்பார்கள். காலை மீட்டிங்கில் தமிழில் காரணம் சொல்லிவிட்டு "எல்லாருக்கும் சொல்லியாச்சு" என்று நினைத்தால், பாதிப் பேருக்கு எண் மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கும். அவர்களுக்கு இது எரெஸ் பார்த்த சோதனைதான்.

கேள்வி கேட்பதிலும் வகை இருக்கிறது. "230 முடியுமா?" என்று கேட்டால் "பார்க்கலாம் சார்" என்ற பதில்தான் வரும், அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஷூ லைனில் வருஷக்கணக்காக நிற்கும் ஒருவரிடம், "அக்கா, பெல்ட் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினா எந்த எடத்துல முதல்ல முட்டும்?" என்று கேட்டால், "பேஸ்டிங்ல முட்டும் சார். பசை காயறதுக்குள்ள அடுத்த ஜோடி வந்துரும்" என்று யோசிக்காமல் சொல்வார். அந்தப் பதிலில் இலக்கு எவ்வளவு ஏறலாம் என்பதும், ஏற்ற என்ன செய்ய வேண்டும் என்பதும் சேர்ந்தே இருக்கும்.

இந்த மாவட்டங்களில் இலக்கைத் தாங்களே ஏற்றிக்கொள்ளும் வழக்கம் ஒன்று ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, 1989-ல் பிரிக்கப்படாத தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. வாரச் சேமிப்பு எவ்வளவு என்பதைக் குழுவே முடிவு செய்யும். உயர்த்துவதானால் கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். அங்கே கேட்கப்படும் கேள்வி, நம்மில் வசதி குறைந்தவரால் எவ்வளவு கட்ட முடியும் என்பது. அந்தக் குழுக்களில் உட்கார்ந்து பேசிப் பழகிய பெண்களும் அவர்களுடைய பெண்களும்தான் இன்று கம்பெனி வேனில் ஏறுகிறார்கள். அவர்களுக்குப் பேசத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு எண்ணை மட்டும் அறிவிக்கிறோம்.

ஒரே எண், வேறு வேறு சம்பளம்

மனக்கசப்பு மிகக் கடுமையாக இருக்கும் இடம் பெர்மனென்ட்டும் காண்ட்ராக்ட்டும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நிற்கும் இடம். எண் ஒன்று, சம்பளம் வேறு, போனஸ் வேறு, சில இடங்களில் கேன்டீன் டோக்கன்கூட வேறு. இங்கே டார்கெட்டை எல்லாருக்கும் ஒரே மாதிரி 15 சதவீதம் ஏற்றுவது நியாயம்போலத் தோன்றும். ஆனால் குறைந்த சம்பளக்காரருக்கு அது அநியாயத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுவதுதான். உயர்ந்த உற்பத்தியில் வரும் இன்சென்டிவையாவது இருவருக்கும் ஒரே விகிதத்தில் கொடுக்காமல் இந்தப் பேச்சைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இன்சென்டிவ் கணக்கிலும் படி வேண்டும். 230-ஐத் தொட்டால் முழுத்தொகை, 229-க்கு ஒன்றுமில்லை என்று வைத்தால், காலை பதினொரு மணிக்கே இன்று முடியாது என்று தெரிந்துவிட்ட ஆள் மீதி நாளை விட்டுவிடுவார். 205, 215, 225 என்று படிப்படியாகக் கொடுத்தால் கடைசி மணி வரை ஆர்வம் இருக்கும்.

நேரத்தைக் கூட்டி டார்கெட்டை எட்டச் செய்வது வேறு கதை. 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதும், அதற்குமேல் இரட்டைச் சம்பளம் என்பதும் நம் நாட்டில் நிலைத்த விதிகள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியதும், எதிர்ப்புக்குப் பிறகு சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். சட்டத்தை விடுங்கள், வேனைப் பாருங்கள். ஆறு மணி ஷிப்டுக்கு அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் விடிவதற்கு முன்பே வேனில் ஏற வேண்டும். "ஒரு அரை மணி நேரம் இருந்து முடிச்சிட்டுப் போம்மா" என்றால் வேன் போய்விடும். பஸ் மாறி மாறி வீடு சேர இருட்டிவிடும். சூப்பர்வைசரின் அரை மணி நேரம் அவருக்கு மூன்று மணி நேரம்.

வசூல், விற்பனை வேலைகளில் ஆபத்து ஆட்களோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டு வங்கிச் சேவைகளை விற்க வேண்டும் என்று நெருக்கியதில், ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 பேர் அதற்கு முன்பே வேலையிழந்திருந்தார்கள். நம் கிராமங்களில் நுண்கடன் வசூலுக்கு வரும் இளைஞர்களின் டார்கெட்டும் அதே வகையைச் சேர்ந்தது. வசூல் சதவீதம் ஏறும்போது அந்த நெருக்கடி நேராகக் கடன் வாங்கிய வீட்டு வாசலில் போய் நிற்கும். வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025-ல் தனிச் சட்டம் கொண்டு வர வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட வேலைகளில் எண்ணிக்கையை மட்டும் ஏற்றவே கூடாது. புகார் எத்தனை, ஆறு மாதம் கழித்தும் அந்த வாடிக்கையாளர் இருக்கிறாரா என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும்.

ஏற்றிய பிறகு பார்க்க வேண்டியவை

எண்ணை ஏற்றிய முதல் இரண்டு மாதம் உற்பத்தி எண்ணைவிட மற்ற எண்களில் கண் இருக்க வேண்டும். ரிஜெக்ஷன், ரீவொர்க், திங்கட்கிழமை லீவு, ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டி எத்தனை தடவை திறக்கப்பட்டது, வேலையை விட்டவர்களில் அனுபவசாலிகள் எத்தனை பேர். உற்பத்தி ஏறி இவையும் ஏறினால் அந்த ஏற்றம் கடன்தான். சீக்கிரம் திருப்பிக் கேட்கும். உற்பத்தி மெதுவாக ஏறி, "சார், இந்த ட்ரேயை இந்தப் பக்கம் வெச்சா நல்லாருக்கும்" என்பது மாதிரி யோசனைகள் வரத் தொடங்கினால், ஆட்கள் நம்பத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள்.

நடுவில் மாட்டிக்கொள்பவர் சூப்பர்வைசர். மேலிருந்து எண் அவருக்கும் வாட்ஸாப்பில்தான் வருகிறது, காரணம் இல்லாமல். அவருக்கே தெரியாத காரணத்தை அவர் யாருக்குச் சொல்வார்? அதே வாட்ஸாப் குரூப்பில் குறைவாகப் போட்டவர்களின் பெயரைச் சிவப்பில் போடும் பழக்கம் பல இடங்களில் வந்துவிட்டது. இதை நிறுத்தினால் ஒரு ரூபாய் செலவில்லாமல் நிறையப் பேரின் மானம் பிழைக்கும். பொண்டாட்டி பிள்ளைகளும் எடுத்துப் பார்க்கிற போன் அது. குறைவு இருந்தால் மெஷின் பக்கத்தில் போய்த் தனியாகக் கேட்கலாம்.

கடைசியாக, யாரும் செய்யாத ஒன்று: இலக்கைக் குறைப்பது. மூலப்பொருள் மூன்று நாள் வரவில்லை, கம்ப்ரசர் கெட்டுவிட்டது, புது பிக்ஸ்சர் சொன்ன தேதிக்கு வரவில்லை. அப்போதும் மாத எண் அப்படியே போர்டில் நிற்கும். மிச்ச நாட்களில் அதை ஈடுகட்டச் சொல்வார்கள். எண்ணை ஏற்றுவதற்கு நிர்வாகம் தருவதாகச் சொன்ன ஒன்று வரவில்லை என்றால், அன்றைக்கே, கேட்காமலே, எண்ணையும் பழைய இடத்துக்குக் கொண்டு வர வேண்டும். 25 வேலை நாளில் மூன்று நாள் போனால் மாதக் கணக்கு 22 நாளுக்குத்தான். இன்சென்டிவும் அந்தக் கணக்கில்தான். ஓக்லஹோமா லாரி டிரைவர்கள் இரண்டாம் மாதம் தேடியது இதைத்தான், நம் ஆபரேட்டர்களும் அதற்காகத்தான் காலையில் ஷிப்ட் ஏறும்போது முதல் வேலையாக போர்டைப் பார்க்கிறார்கள்.